தான்சானியாவில் குடியேற்றம்: மலிவு எங்கே, செலவு எங்கே? வாசகர் கேள்வி – பதில்

ஆப்பிரிக்காவில் செலவு குறைவான நாடு எது, போய்க் குடியேறலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் தான்சானியாவின் பெயர்தான் அடிக்கடி அடிபடுகிறது. அதனால் இந்த முறை அந்த ஒரு நாட்டைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மாதம் ஆயிரம் டாலர் இருந்தால் அங்கே வசதியாக இருக்கலாம் என்கிறார்கள். நம்பலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை

இருக்கலாம், அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் குடியிருக்கும் பகுதியில் குடியிருந்தால். அரிசி, சோள மாவு, பீன்ஸ், வாழைக்காய், தேங்காய், மீன், கீரை எல்லாம் சந்தையில் மலிவு. துவரைக்கு அங்கே 'ம்பாசி' என்று பெயர். இந்தியாவுக்குத் துவரை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் தான்சானியாவும் ஒன்று. காலையில் அதைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, 'மண்டாசி' என்ற எண்ணெய்ப் பலகாரத்தோடு சாப்பிடுகிறார்கள். புளி (உக்வாஜு), முருங்கை, சப்பாத்தி எதற்கும் அலைய வேண்டியதில்லை.

சீஸ், டப்பா உணவு, ஆலிவ் எண்ணெய் என்று கப்பலில் வருவதை வாங்க ஆரம்பித்தால் கணக்கு தலைகீழாகிவிடும். சரக்குக் கட்டணம், சுங்கவரி, அதன் மேல் 18 சதவீத மதிப்புக்கூட்டு வரி. நாட்டின் பெரிய நகரமான தார்-எஸ்-சலாமில் வெளிநாட்டவர் அதிகம் வாழும் மசாகிப் பகுதி வாடகையையும், நகரின் உள்பகுதியான உபாங்கா வாடகையையும் விசாரித்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். சர்வதேசப் பள்ளியில் படிக்கும் குழந்தைகள் உங்களுடன் இருந்தால் ஆயிரம் டாலர் பேச்சையே எடுக்க வேண்டாம்.

வேலை கிடைத்திருக்கிறது. "டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள், பெர்மிட்டை இங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறது கம்பெனி. போகலாமா?
– மெக்கானிக்கல் இன்ஜினீயர், 34 வயது

போகாதீர்கள். 50 டாலர் கட்டி எடுக்கும் சாதாரண விசா சுற்றிப் பார்க்க மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு தொழிற்சாலையில் நிற்கும்போது சோதனை வந்தால், மாட்டிக்கொள்வது கம்பெனி மேலாளர் அல்ல, நீங்கள்தான். அபராதம், நாடு கடத்தல் இரண்டுமே நடக்கும்.

அங்கே இரண்டு தாள்கள் வேண்டும். பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது வேலை பெர்மிட். இதைத் தருவது தொழிலாளர் துறை. 2015-ம் ஆண்டின் வெளிநாட்டவர் வேலைவாய்ப்புச் சட்டப்படி இது வழங்கப்படுகிறது. இரண்டாவது வசிப்பிட பெர்மிட். இதைத் தருவது குடிவரவுத் துறை. வசிப்பிட பெர்மிட்டில் மூன்று வகுப்புகள் உண்டு: சொந்தத் தொழிலுக்கும் முதலீட்டுக்கும் 'ஏ', சம்பள வேலைக்கு 'பி', மாணவர், ஆய்வாளர், ஓய்வு பெற்றவர் போன்றோருக்கு 'சி'. உங்களுக்கு 'பி'. வேலை பெர்மிட் கையில் வந்த பிறகுதான் வசிப்பிட பெர்மிட் நகரும்.

விண்ணப்பம் கம்பெனி வழியாகத்தான் போகும். பட்டச் சான்றிதழ், அனுபவச் சான்று, வேலை ஒப்பந்தம், வேலையின் பொறுப்புகளை விவரிக்கும் குறிப்பு ஆகியவை தேவை. இவற்றோடு இன்னொன்றும் கேட்பார்கள்: உங்கள் இடத்துக்கு ஒரு தான்சானியரை எப்படித் தயார் செய்யப்போகிறீர்கள் என்ற திட்டம். சும்மா ஒரு பக்கம் எழுதி ஒட்டினால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். யாருக்கு, எத்தனை மாதம், எந்த வேலையில் பயிற்சி என்று எழுத வேண்டும். சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதிய பாஸ்போர்ட்டும் இனிஷியலோடு நிற்கும் பட்டமும் வைத்திருக்கும் நம்மவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான். இரண்டும் ஒரே ஆள் என்ற உறுதிமொழிப் பத்திரத்தைப் புறப்படும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு. புதுப்பிக்கலாம், ஆனால் மொத்தம் எத்தனை ஆண்டு என்பதற்குச் சாதாரண ஊழியருக்கு ஒரு வரம்பு உண்டு. கம்பெனி மாறினால் பழைய பெர்மிட் கூடவே வராது. புதிதாக எடுக்க வேண்டும். மனைவிக்கும் உங்கள் பெர்மிட்டை ஒட்டி வசிக்க அனுமதி உண்டு, ஆனால் வேலை செய்ய அனுமதி இல்லை. அவருக்கும் தனி வேலை பெர்மிட் வேண்டும்.

சம்பளம் மாதம் 30 லட்சம் ஷில்லிங் என்றார்கள். கையில் எவ்வளவு வரும்?
– அதே வாசகரின் இரண்டாவது கேள்வி

அது பிடித்தத்துக்கு முன்பா, பின்பா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். முன்பு என்றால் கணக்கு இப்படி. சமூகப் பாதுகாப்பு நிதிக்கு உங்கள் பங்கு 10 சதவீதம், அதாவது 3,00,000. மீதி 27,00,000-க்கு வருமான வரி. முதல் 2,70,000-க்கு வரி இல்லை. அடுத்து 5,20,000 வரை 8 சதவீதம், 7,60,000 வரை 20, பத்து லட்சம் வரை 25, அதற்கு மேல் 30 சதவீதம். கூட்டினால் வரி 6,38,000. கையில் நிற்பது 20,62,000 ஷில்லிங். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. டாலரில் சம்பளம் பேசினால், எந்தத் தேதி மாற்று விகிதத்தில் தருவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 2025-ல் மட்டும் டாலர் ஏறத்தாழ 2,700 ஷில்லிங்கிலிருந்து 2,450 வரை இறங்கியது.

சிறிய முதலீட்டில் மொபைல் ரிப்பேர் கடையோ சலூனோ போட ஆசை. உள்ளூர் நண்பர் தன் பெயரில் லைசென்ஸ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்.
– கடை வைத்திருப்பவர்

இந்த வழி 2025 ஜூலையில் அடைக்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டவர் செய்யக்கூடாத 15 வகைத் தொழில்களை அரசு ஆணையாக அறிவித்தது. சில்லறை வியாபாரம், மொபைல் பணப் பரிமாற்றம், மொபைல் மற்றும் எலக்ட்ரானிக் ரிப்பேர், ஹோட்டல் சாராத சலூன், வீடு–அலுவலகம் துப்புரவு, சுற்றுலா வழிகாட்டி, சிறு சுரங்கம், வயலுக்கே போய் விளைச்சல் வாங்குவது, வீட்டுத் தரகு எல்லாம் அந்தப் பட்டியலில். மீறினால் குறைந்தது ஒரு கோடி ஷில்லிங் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, விசாவும் பெர்மிட்டும் ரத்து. உதவிய உள்ளூர்க்காரருக்கும் 50 லட்சம் ஷில்லிங் அபராதம் உண்டு. பினாமிக் கடை என்பது உங்கள் நண்பரையும் சேர்த்து இழுத்துவிடும் வேலை.

என் வேலை முழுக்க இணையத்தில். எங்கிருந்தாலும் செய்யலாம். அங்கே போய்ச் செய்யலாமா?
– மென்பொருள் பணியாளர்

கென்யா இதற்காகவே ஒரு பெர்மிட் வகையைக் கொண்டுவந்தது. தான்சானியாவில் அப்படித் தனி வகை இல்லை. டூரிஸ்ட் விசாவில் லேப்டாப்பைத் திறந்தால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மாதக்கணக்கில் தங்கி, வீடு எடுத்து, மீண்டும் மீண்டும் எல்லை தாண்டித் திரும்பி வருகிறவரைக் குடிவரவு அதிகாரி பார்ப்பார். இன்னொன்று: வி.பி.என். (இணையத் தொடர்பை மறைத்துப் பாதுகாக்கும் வசதி) பயன்படுத்த அங்கே தகவல்தொடர்பு ஆணையத்தில் பதிய வேண்டும் என்று 2023-ல் அறிவிப்பு வந்தது. அலுவலக வி.பி.என். இல்லாமல் உங்கள் வேலை ஓடாது என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– குடும்பத்தோடு போகவிருப்பவர்

அட்வான்ஸுக்குத் தயாராகப் போங்கள். மாதா மாதம் வாடகை வாங்கும் வீட்டுக்காரர் அபூர்வம். ஆறு மாத வாடகையை ஒரே தடவையில் கேட்பார்கள், சிலர் ஒரு வருடத்துக்கே கேட்பார்கள். 'தலாலி' என்ற தரகருக்கு ஒரு மாத வாடகை. முதல் வீட்டை மூன்று மாதத்துக்கு மேல் எடுக்காமல் பேசிப் பாருங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, தண்ணீர் வராத வீட்டில் ஒரு வருடம் மாட்டிக்கொள்வதைவிட அது லாபம். வாடகையை டாலரில் எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உள்நாட்டுச் சரக்குக்கும் சேவைக்கும் அந்நிய நாணயத்தில் விலை சொல்வதும் வாங்குவதும் 2025 மார்ச் முதல் தடை.

அடுத்தது மின்சாரம். வீடுகளில் 'லுக்கு' என்ற முன்பணம் கட்டும் மீட்டர். போனில் பணம் கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும். அதை மீட்டரில் தட்டினால் யூனிட் ஏறும். இரவு 11 மணிக்கு விளக்கு அணைந்தபின் 20 இலக்கத்தைத் தட்டிப் பார்த்தவர்கள், பத்து யூனிட்டுக்குக் கீழே இறங்கவிட மாட்டார்கள். சாதாரண வீட்டு இணைப்புக்கு வரிகளோடு யூனிட் சுமார் 356 ஷில்லிங். 10,000 கட்டினால் 28 யூனிட் வரும். மாதத்தின் முதல் தடவை மட்டும் குறைவாக வரும். மீட்டர் பழுது என்று சண்டைக்குப் போக வேண்டாம், கட்டடச் சொத்துவரியை அதிலேயே பிடிக்கிறார்கள் (சாதாரண வீட்டுக்கு 2023 முதல் மாதம் 1,500). அது வீட்டுக்காரர் கட்ட வேண்டிய வரி. வாடகையில் கழிப்பது பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒன்றரை டன் ஏசியை ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டினால் பத்து யூனிட்டைத் தொடும். மாதம் ஒரு லட்சம் ஷில்லிங் அதற்கே போகும்.

முக்கியமான கேள்வி, மீட்டர் உங்கள் வீட்டுக்கு மட்டுமா என்பது. ஒரு மீட்டரில் மூன்று குடித்தனம் என்றால் யார் எவ்வளவு கட்டுவது என்ற பஞ்சாயத்து தீராது. மாடியில் 'சிம்டேங்க்' எனப்படும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர், குழாய்த் தண்ணீரா போர் தண்ணீரா என்று கேளுங்கள். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஒரு வாய் ஊற்றிப் பார்த்தாலே தெரியும் (துப்பிவிடுங்கள்). ஜன்னல் கொசுவலையில் கிழிசல் இருந்தால் சாவி வாங்கும் முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

மலேரியா பயமாக இருக்கிறது. இரண்டு சின்னக் குழந்தைகள்.
– இளம் தாய்

பயப்படத் தேவையில்லை, அசட்டையாக இருக்கக் கூடாது. அங்கே அதிகம் இருப்பது ஃபால்சிபரம் என்ற கடுமையான மலேரியா வகை. நாள் கடத்தினால் மூளையைத் தாக்கும். மலேரியாவுக்கு அதிகம் பழகாத உடம்புக்கு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு ஆபத்து கூடுதல். விக்டோரியா ஏரிப் பக்கம் அதிகம், தார்-எஸ்-சலாமில் அதைவிடக் குறைவு, அருஷா போன்ற மேட்டுப் பகுதிகளில் இன்னும் குறைவு.

இந்தக் கொசு கடிப்பது இரவில். ஆகவே மருந்து தோய்த்த வலையை மெத்தைக்கு அடியில் செருகிக் கட்டுவதுதான் முதல் காப்பு. போய் இறங்கி ஒரு வாரம் கழிந்தபின் எந்தக் காய்ச்சல் வந்தாலும், சளியோடு வந்தாலும், அன்றைக்கே விரல்நுனி ரத்தப் பரிசோதனை. இருபது நிமிடத்தில் முடிவு வரும். மலேரியா என்றால் பொதுவாகத் தருவது 'மசேத்தோ' என்ற கூட்டு மாத்திரை. பெரியவருக்கு வேளைக்கு நான்கு வீதம் ஆறு வேளை, மூன்று நாளில் 24 மாத்திரை. குழந்தைக்கு எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். பாலோடோ எண்ணெய் சேர்ந்த உணவோடோ சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில் மருந்து சரியாக உடம்பில் சேராது. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் மறுபடி வருகிறது. ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தாலும் "தான்சானியாவில் இருந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள்.

அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்று செல்லும். மருத்துவக் காப்பீட்டில், நோயாளியை விமானத்தில் வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று பாருங்கள். கடும் விபத்தென்றால் நைரோபிக்குக் கொண்டுபோவது உண்டு.

சுவாஹிலி தெரியாமல் சமாளிக்க முடியுமா?
– கல்லூரி மாணவர்

அலுவலகத்தில் முடியும், சந்தையில் முடியாது. பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகாமோ' சொல்லுங்கள், 'மரஹபா' என்று பதில் வரும். இந்த ஒரு சொல்லுக்கு அங்கே தனி மரியாதை. அதைவிட அவசரமாகத் தெரிய வேண்டியது மணிக்கணக்கு. நம் நாழிகை போல அவர்களும் விடியலிலிருந்துதான் எண்ணுகிறார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, 'சா மோஜா'. ஒன்பது என்பது 'சா தாத்து', மூன்று மணி. பிளம்பர் 'சா தாத்து'வுக்கு வருகிறேன் என்றால் மதியம் மூன்று வரை காத்திருக்காதீர்கள், காலை ஒன்பதுக்கு வந்து கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துப் போயிருப்பார். ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள். பஸ் டிக்கெட்டில் அச்சான நேரம் எந்தக் கணக்கு என்று கேட்டே வாங்குங்கள்.

என்னென்ன எடுத்துப்போகலாம்?
– இல்லத்தரசி

பிளக் பாயின்ட் பிரிட்டிஷ் வகை, தட்டையான மூன்று கால். நாலைந்து அடாப்டர் போதும். பெட்டிக்குள் பிளாஸ்டிக் கேரி பேக் வேண்டாம், 2019 ஜூன் முதல் தடை. ஸான்ஸிபார் தீவுக்குப் போவதானால் அரசு விற்கும் 44 டாலர் பயணக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும், உங்களிடம் வேறு காப்பீடு இருந்தாலும்.

2025 அக்டோபர் தேர்தல் கலவரச் செய்திகளைப் பார்த்தோம். பாதுகாப்பு எப்படி? நிலம் வாங்கி வைக்கலாமா?
– முதலீட்டில் ஆர்வமுள்ளவர்

அக்டோபர் 29 வாக்குப்பதிவை ஒட்டிப் போராட்டம் வெடித்தது, இணையம் சில நாள் முடங்கியது, தார்-எஸ்-சலாமில் ஊரடங்கும் போட்டார்கள். மொபைல் பணத்தையே நம்பியிருந்தவர்கள் அந்த நாட்களில் எப்படித் திண்டாடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வாரச் செலவுக்கு ரொக்கம், அரிசி, கேஸ், மீட்டரில் யூனிட் எப்போதும் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த வாரமே உங்கள் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

நிலம் வாங்க முடியாது. 1999 நிலச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு நில உரிமை முதலீட்டுக்காக மட்டுமே, அதுவும் அரசின் முதலீட்டு அமைப்பு வழியாகக் குத்தகை உரிமையாக. யாராவது கடற்கரை மனையைக் காட்டி, உங்கள் பெயரிலேயே பத்திரம் முடித்துத் தருகிறேன் என்றால் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.