வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து, சுரங்கத்துக்கு ஊர் கொடுத்த சம்மதம் ஆகுமா?

கேள்வி: கிழக்குத் தொடர்ச்சி மலையில், காப்புக்காட்டை ஒட்டிய சிற்றூரில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் நாங்கள். 60 குடும்பங்கள், வயதுவந்தோர் 140 பேர். கேழ்வரகும் சாமையும் விதைக்கிறோம். காட்டில் தேன், கடுக்காய், சீமார்ப் புல் எடுத்து விற்கிறோம். எங்கள் சாமி கரியராமன் கோயிலும் காட்டுக்குள்தான் இருக்கிறது. யாரிடமும் பட்டா இல்லை. சென்ற மாதம் ஒரு சுரங்க நிறுவனத்தின் ஆட்கள் மலையுச்சியில் துளையிட்டு மண் எடுத்துப் போனார்கள். பிறகு ஒருவர் வந்து, சாலை போடுவதற்காக என்று சொல்லி, எதுவும் எழுதாத தாளில் 30 பேரிடம் கையெழுத்து வாங்கினார். அதுதான் சுரங்கத்துக்கு ஊர் கொடுத்த சம்மதம் என்று இப்போது பேச்சு அடிபடுகிறது. ஒடிசாவின் நியம்கிரியில் செய்ததைப் போல எங்களாலும் மறுக்க முடியுமா?

பதில்: முதலில் கையெழுத்தைப் பற்றிய உங்கள் அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி ஊரின் கருத்தைச் சொல்லும் அதிகாரம் கிராம சபைக்கு மட்டுமே உண்டு. அந்தச் சட்டத்தின் விதிகளில், 2012-இல் திருத்தப்பட்ட 4-ஆம் விதி, கிராம சபை உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் குறையாமல் கூட வேண்டும் என்றும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. உங்கள் ஊர்க் கணக்கில் 70 பேராவது ஓரிடத்தில் கூடி, பொருளைக் கேட்டு, பேசி, தீர்மானம் நிறைவேற்றியிருக்க வேண்டும். வீடு வீடாகப் போய் வெற்றுத் தாளில் வாங்கிய 30 கையெழுத்துகள் தீர்மானம் ஆகமாட்டா. ஆனால் ஆகாது என்று நீங்கள் சும்மா இருந்துவிட்டால், அந்தத் தாளின் மேற்பகுதியில் பிறகு ஏதாவது எழுதப்பட்டு, அது கோப்பில் ஏறிவிடும். ஏறிய தாளை நீதிமன்றத்தில் அகற்றுவது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை. ஆகவே இந்த வாரமே, கையெழுத்துப் போட்ட 30 பேரும் சேர்ந்து, எந்த நாளில், என்ன சொல்லி, யார் வாங்கினார் என்பதையும், அது சுரங்கம் குறித்த சம்மதம் அல்ல என்பதையும் எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். கூடவே, உங்கள் ஊரின் பெயரில் ஏதேனும் தீர்மானமோ தடையின்மைச் சான்றோ பெறப்பட்டுள்ளதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகல் கேளுங்கள்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை.

துளையிட்டதைக் கண்டு கலங்க வேண்டாம். கனிமம் இருக்கிறதா என்று பார்ப்பதும் சுரங்கக் குத்தகையும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவே பல அனுமதிகள் உள்ளன.

பட்டா இல்லை என்பதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் போல எழுதியிருக்கிறீர்கள். வன உரிமைச் சட்டம் பிறந்ததே, பட்டா இல்லாமல் காட்டில் வாழ்ந்தவர்களுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைச் சரிசெய்யத்தான். அதன் முகவுரையே அப்படிச் சொல்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து நீங்கள் உழுதுவரும் நிலத்துக்கு, குடும்பத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை, தனி உரிமை கேட்கலாம். அதைவிட வலுவானது சமூக உரிமை: தேனும் கடுக்காயும் எடுப்பது, நீர்நிலை, மேய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக, வழிவழியாகப் பேணிவந்த காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமை. இவை 3-ஆம் பிரிவில் உள்ளன. உரிமைகளைச் சரிபார்க்கும் நடைமுறை முடியும்வரை, உங்கள் அனுபவத்தில் உள்ள வன நிலத்திலிருந்து உங்களை வெளியேற்றக் கூடாது என்று 4-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு தடை போடுகிறது.

இனி நியம்கிரி. லாஞ்சிகாரில் இருந்த வேதாந்தா குழுமத்தின் அலுமினா ஆலைக்காக, ஒடிசா அரசின் சுரங்கக் கழகம் அந்த மலையுச்சியில் பாக்சைட் எடுக்கத் திட்டமிட்டது. அங்கே வாழும் டோங்ரியா கோந்து பழங்குடி மக்களுக்கு அந்த மலை அவர்கள் தெய்வம் நியமராஜாவின் இருப்பிடம். மத்திய அரசு 2010-இல் வன அனுமதியை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2013 ஏப்ரல் 18-இல் வந்த தீர்ப்பு, தனி உரிமை, சமூக உரிமை ஆகியவற்றோடு பண்பாட்டு, சமய உரிமைக் கோரிக்கைகளையும் கிராம சபை ஆராயலாம் என்றும், நியமராஜாவை வழிபடும் உரிமையைச் சுரங்கம் பாதிக்குமானால் அந்த உரிமை காக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாவட்ட நீதிபதி நிலையிலான பார்வையாளர் முன்னிலையில் சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது. உங்கள் கரியராமன் கோயிலை நீங்கள் கேள்வியில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு உங்கள் வழக்கின் கனமான பகுதி அதுதான்.

ஆனால் நியம்கிரியை அப்படியே எடுத்து இங்கே வைக்க முடியாது. ராயகடா மாவட்டமும் லாஞ்சிகார் வட்டாரமும் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள், அதாவது பழங்குடியினருக்குத் தனிப் பாதுகாப்பு தருவதற்காக அறிவிக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. எனவே அட்டவணைப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டமும், அட்டவணைப் பகுதியில் பழங்குடியல்லாதவருக்குச் சுரங்கக் குத்தகை தரக் கூடாது என்ற 1997-ஆம் ஆண்டின் சமதா தீர்ப்பும் உங்களுக்கு நேரடியாகக் கைகொடுக்கா. மேடைகளில் பலர் இவற்றைச் சேர்த்துப் பேசுகிறார்கள். மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை சுலபமாகிவிடும். உங்கள் கையில் இருப்பது வன உரிமைச் சட்டம் ஒன்றே. அது நாடு முழுவதற்கும் பொருந்தும். நியம்கிரித் தீர்ப்பின் பெரும்பகுதியும் அதன்மேல்தான் நிற்கிறது.

அந்தச் சட்டத்தைக் கொண்டு நிற்க வேண்டுமானால், “சுரங்கம் வேண்டாம்” என்ற தீர்மானத்துக்கு முன்பே “இந்தக் காடு எங்கள் உரிமை” என்ற கோரிக்கை பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதுதான் என் கவலை. தமிழ்நாட்டில் 2008-இல் பிறந்த உயர் நீதிமன்ற இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குவது தேங்கிக் கிடந்து, 2016-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே வழி திறந்ததால், பல மலையூர்களில் இந்த வேலை தொடங்கவே இல்லை. கிராம சபையைக் கூட்டி, 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவை அமையுங்கள். அதில் மூன்றில் இரு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களாகவும் இருக்கட்டும். பல சிற்றூர்களைக் கொண்ட ஊராட்சியின் பொதுவான கிராம சபையில் உங்கள் குரல் அமுங்கிப்போகலாம் என்பதால், உங்கள் குடியிருப்பைத் தனி ஊராகக் கண்டறிந்து பட்டியலில் சேர்க்கக் கோருங்கள். 2012-ஆம் ஆண்டுத் திருத்த விதிகளில் அதற்கு இடம் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் எழுத்தில் தரும் வாக்குமூலம், கோயில், இடுகாடு, பழைய கிணறு, வரப்பு ஆகியவை எல்லாம் 13-ஆம் விதிப்படி சான்றுகளே. கோரிக்கைக்கு இரண்டு சான்று போதும். கிராம சபை தீர்மானம் கோட்டாட்சியர் தலைமையிலான குழுவுக்கும், பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகை வாங்குங்கள்.

இதில் வேகம் ஏன் வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். 2009 ஆகஸ்ட் 3-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விடுத்த சுற்றறிக்கை, வன நிலத்தைக் கேட்கும் விண்ணப்பத்தோடு கிராம சபையின் சம்மதமும் உரிமைகள் தீர்க்கப்பட்டதற்கான சான்றும் வேண்டும் என்றது. 2022-இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகளோ, மத்திய அரசு அனுமதி தந்த பிறகு, நிலத்தை ஒப்படைக்கும் இறுதி ஆணைக்கு முன் மாநில அரசு அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவைத்துவிட்டன. விதியால் சட்டத்தை மீற முடியாது என்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் அனுமதி கைக்கு வந்துவிட்ட நிறுவனத்தின் முன் கிராம சபை எவ்வளவு நெருக்கடிக்கு உள்ளாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சுரங்கத்தின் சுற்றுச்சூழல் அனுமதிக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டம் வேறு, கிராம சபை வேறு. முன்னதற்கு 30 நாள் முன்னறிவிப்பு தேவை. வருகைக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. அதற்குப் போய் எதிர்ப்பைப் பதிவுசெய்யுங்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம், அதற்கப்பால் ஒரு நாளும் இல்லை.

யாராவது பயிரை அழித்தாலோ, காட்டுக்குள் போவதைத் தடுத்தாலோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பழங்குடியினரின் வன உரிமைகளில் பழங்குடியல்லாதவர் தவறாகத் தலையிடுவதையும் குற்றமாக்கியிருக்கிறது; தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. வழக்கறிஞர் கட்டணத்துக்காகத் தயங்க வேண்டாம்: பழங்குடியினருக்கு வருமான வரம்பு பாராமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அங்கே போகும்போது சாதிச் சான்றிதழையும், விரைவுத் தபாலின் ரசீதுகளையும், கையெழுத்து வாங்கிய அன்று ஊரில் இருந்தவர்களின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.