அப்பாவின் மறதி வயசால்தானா?

வணக்கம். அம்மா இறந்த 4 மாதத்தில், பாலக்கோட்டில் தனியாக இருக்கும் 68 வயது அப்பாவுக்கு மறதி கூடிவிட்டது, களியைக்கூடத் தொடுவதில்லை, விடியற்காலை 3 மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு வரும் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளிப்படாது. மறதி, உடம்பு வலி, பசியின்மை என்றுதான் தெரியும். என் பெரியப்பா வயிற்று வலி என்றே மாதக்கணக்கில் அலைந்தார், ஸ்கேனில் ஒன்றுமில்லை. எதைக் கேட்டாலும் சுவரைப் பார்த்தபடி "தெரியல, விடு" என்பார். டிமென்ஷியா என்கிற மறதி நோய் பெரும்பாலும் வருடக்கணக்கில் மெல்ல வரும். மறந்ததை மறைத்து ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள். இரண்டும் சேர்ந்தும் வரலாம், அதனால் நாமே முடிவு கட்டக் கூடாது.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அப்பா சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனை பற்றியும் கேளுங்கள். கடையில் தூக்க மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஓரிரு நாளிலேயே குழம்பி உளறினால் அது வேறு விஷயம். சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் உப்பு குறைந்ததோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்புறம், "இனி இருந்து என்ன" என்று பேசினால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவிலும் தமிழில் பேசலாம், இலவசம்.