கில்ட் கட்டி ரீல் ஆடப் போகிறவர்களுக்கு

நவம்பர் 30 ஸ்காட்லாந்தின் காவல் புனிதரான ஆண்ட்ரூவின் நாள், ஜனவரி 25 கவிஞர் ராபர்ட் பர்ன்ஸைக் கொண்டாடும் பர்ன்ஸ் இரவு. குளிர்காலம் வந்தால் ஸ்காட்லாந்தில் நடன விருந்துகளுக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும். கில்ட் என்ற கொசுவம் வைத்த முழங்கால் பாவாடையைக் கட்டி, ரீல் என்ற குழு நடனம் ஆட முதல்முறை போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, அழைப்பிதழில் "ஒயிட் டை அல்லது ஹைலேண்ட் உடை" என்று போட்டிருக்கிறது. பிரின்ஸ் சார்லி கோட்டு வாடகைக்கு எடுத்தால் போதுமா?

ஹைலேண்ட் உடை என்றால் கில்ட்டோடு சேர்ந்த ஸ்காட்டிஷ் மரபு உடை. ஒயிட் டை என்றால் பின்னால் நீண்ட வால் கோட்டும் வெள்ளை போ டையுமான உச்ச சம்பிரதாய உடை. கறாராகப் பார்த்தால், கறுப்பு போ டையோடு போடும் பிரின்ஸ் சார்லி என்ற குட்டைக் கோட்டு அதற்கு ஒரு படி கீழான "பிளாக் டை" விருந்துக்கு உரியது. ஒயிட் டைக்கு நிகர் என்றால் டப்லெட் என்ற உடலோடு ஒட்டிய மேல்கோட்டு. மான்ட்ரோஸ், ஷெரிஃப்மியூர் என்று அதில் வகைகள் உண்டு. கழுத்தில் டைக்குப் பதில் ஜாபோ என்ற லேஸ் தொங்கும். ஆனால் டப்லெட் விலை அதிகம் என்பதால் பிரின்ஸ் சார்லியையே ஏற்றுக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அழைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. லண்டனில் 1840-களில் தொடங்கிய ராயல் கலிடோனியன் பால் (Ball) என்ற நடன விருந்திலேயே ஹைலேண்ட் உடை இல்லாதவர்கள் வால் கோட்டில்தான் வருகிறார்கள்.

பேன்ட் அளவைச் சொல்லிப் பழைய கில்ட் ஒன்று வாங்கினேன். முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. தைத்தவர் தவறா?

தைத்தவர் மேல் தவறு இல்லை. கில்ட் நிற்கும் இடம் இடுப்பெலும்பு அல்ல, தொப்புள் மட்டம். பேன்ட் அளவு இங்கே உதவாது. தொப்புளைச் சுற்றி டேப் பிடித்து அளந்துதான் வாங்க வேண்டும். நீளத்தைச் சரிபார்க்கப் பழைய வழி ஒன்று உண்டு: கில்ட்டைக் கட்டிக்கொண்டு தரையில் முழங்காலிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். ஓரம் தரையைத் தொடக் கூடாது, ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். எழுந்து நின்றால் முழங்கால் சில்லின் நடுவில் வரும்.

நல்ல கில்ட்டுக்கு எட்டு கஜம் கம்பளித் துணி போகும். கொசுவம் முழுக்கப் பின்பக்கம், முன்னால் தட்டையான இரண்டு மடல்கள். ஆண்களுக்கு வெளி மடல் வலப்பக்கம் முடியும். கில்ட் பின் என்ற அலங்கார ஊசியை அந்த வெளி மடலில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் ஆடும்போது இழுத்துத் துணி கிழியும். உட்காரும்போது கையால் கொசுவத்தைப் பின்னால் நீவிவிட்டு உட்காருங்கள், இல்லையென்றால் கசங்கிவிடும். அந்தக் கொசுவம் சுழற்சியில் விரிந்து மறுபடி தானாக மடியும் அழகுக்காகத்தான் அத்தனை துணி.

காலுறையில் கத்தி வைத்துக்கொண்டு தெருவில் போனால் போலீஸ் பிடிக்காதா?

ஸ்கியன் டூ என்ற அந்தச் சிறு கத்தியைத் தேசிய உடையின் பகுதியாக அணிந்து செல்லச் சட்டம் இடம் தருகிறது. வலது கைக்காரர் வலது காலுறையில் வைப்பார். பிடியின் மேல்பகுதி மட்டும் வெளியே தெரிய வேண்டும். விமானத்தில் கைப்பையில் வைக்கவே வைக்காதீர்கள். ஆடும்போது பக்கத்தில் இருப்பவரின் நீளப் பாவாடையில் பிடி மாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ரீலுக்கு முன் எடுத்துப் பத்திரமாக வைத்துவிடுகிறேன்.

நான் ஸ்காட்லாந்துக்காரன் இல்லை. எந்த டார்ட்டனைக் கட்டலாம்?

டார்ட்டன் என்றால் குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் உரிய கட்டம் போட்ட துணி வடிவம். தாராளமாகக் கட்டலாம், சட்டத்தில் தடை கிடையாது. பிளாக் வாட்ச், ஹன்டிங் ஸ்டூவர்ட், கலிடோனியா ஆகியவை எல்லோரும் கட்டுபவை. அரச குடும்பத்துக்கு உரிய பால்மோரலை மட்டும் விட்டுவிடுங்கள். ஒன்றை மனதில் வையுங்கள். 1746-இல் வந்த சட்டம் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட் ஆண்கள் இந்த உடையை அணியவே தடை போட்டது. 1782 வரை அந்தத் தடை நீடித்தது. அவ்வளவு பாடுபட்டு மிஞ்சிய துணி இது, வேடம் போடுவதுபோல் கட்டாதீர்கள்.

அக்காவுக்கும் அழைப்பு. சாஷ் என்ற டார்ட்டன் மேல்துண்டு எந்தத் தோளில்?

தரை தொடும் கவுன், அதில் சுழல இடம் வேண்டும். சாஷை வலது தோளில் ஊசி குத்தி மார்புக்குக் குறுக்கே விடுவது பொது வழக்கம். இடது தோள் குலத்தலைவிகள், தலைவர்களின் மனைவிமார், படைப்பிரிவுக் கர்னலின் மனைவி போன்றோருக்கு.

எனக்கு ஒரு ஆட்டமும் தெரியாது. போய் வேடிக்கை பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் உடைக்குச் செலவழிப்பதில் பாதி அக்கறையை ஆட்டத்தில் காட்டுங்கள் என்பேன். பல இடங்களில் விருந்துக்கு முந்தைய வாரங்களில் பயிற்சி நடக்கும். டாஷிங் ஒயிட் சார்ஜென்ட், எய்ட்சம் ரீல் இரண்டும் தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும். முதலாவதில் மூன்று பேர் மூன்று பேரை எதிர்கொண்டு ஆடி, முடிவில் அடுத்த மூவரிடம் நகர்வார்கள். எய்ட்சமில் நான்கு ஜோடி சதுரமாக நிற்கும். ஒவ்வொருவராக நடுவில் வர, மற்ற ஏழு பேர் கைகோத்துச் சுற்றி வருவார்கள். உங்கள் முறை வந்து நடுவில் நிற்கும்போது யாரோ "ஹூக்!" என்று கத்துவார்கள், அது உற்சாகம், கேலி இல்லை.

51-ஆவது டிவிஷன் ரீலையும் கற்றுக்கொள்ளுங்கள். 1940-இல் பிரான்சில் பிடிபட்ட அந்தப் படைப்பிரிவின் ஸ்காட்டிஷ் வீரர்கள் ஜெர்மானியர்களின் சிறைமுகாமில் உருவாக்கியது. ஆடுகிறவர்கள் குறுக்காக நீளும் கைகளால் புனித ஆண்ட்ரூவின் X வடிவச் சிலுவையை வரைவார்கள். முகாமுக்குள் நின்று அதை யோசித்திருக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும்.

நடுவில் மறந்துவிட்டால்?

நிற்காதீர்கள். எதிரே நீட்டிய கையைப் பிடியுங்கள், அது உங்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும். மன்னிப்பெல்லாம் ஆட்டம் முடிந்து கேட்கலாம். அப்புறம், கில்லி புரோக் காலணியின் நீளக் கயிற்றைக் கணுக்காலுக்கு மேல் சுற்றி முன்னால் முடிச்சுப் போடுவார்கள். அதை இரட்டை முடிச்சாகப் போடுங்கள். எய்ட்சமில் அவிழ்ந்தால் குனிந்து கட்ட நேரம் கிடைக்காது.