படம் மறந்தாலும் அதில் வந்த பழைய கட்டடம் மட்டும் நினைவில் நிற்பது ஏன்?

செட் என்பது படத்துக்காகக் கட்டிப் பிரிப்பது; லொகேஷன் என்பது ஏற்கெனவே நிற்கும் உண்மையான இடம். பழைய கட்டடம் மனத்தில் தங்குவதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. படிக்கட்டில் ஏறும் ஒரு மனிதரைப் பின்தொடரும்போது, அதன் உயரமும் ஆழமும் நமக்கே உடம்பில் உறைக்கின்றன. புகைப்படத்தில் இது கிடைக்காது.

லாஸ் ஏஞ்சலிஸில் 1893-இல் திறக்கப்பட்ட பிராட்பரி கட்டடத்தையே பாருங்கள். வெளியே அடக்கமான செங்கல் முகப்பு. உள்ளே நுழைந்தால் ஐந்து மாடி உயர முற்றம், மேலே கண்ணாடிக் கூரை, வேலைப்பாடு மிகுந்த இரும்புக் கைப்பிடிகள், கூண்டு போன்ற திறந்த லிஃப்ட். எவ்வளவு ரசித்தாலும் தீராத இடம் அது! பகலில் ஒளி பொழியும் அந்த அலுவலகக் கட்டடம், 1982-இல் வெளியான 'பிளேட் ரன்னர்' படத்தில் எதிர்காலத்தின் பாழடைந்த குடியிருப்பாக மாறியது. இரும்பும் படிகளும் அவையேதான். வெளிச்சத்தை மாற்றி, குப்பைகூளத்தைப் பரப்பினார்கள். ஒரே பாட்டு, பாடுபவரைப் பொறுத்து வேறு உணர்வைத் தருவது போலத்தான்.

எந்தப் படத்திலும் வாசலில் நுழைபவர் அதே கட்டடத்துக்குள்தான் போகிறார் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வெளிப்புறம் ஓரிடத்திலும் உட்புறம் வேறோர் ஊரிலோ செட்டிலோ எடுக்கப்படுவது மிகச் சாதாரணம்.