சட்டம் கேளுங்கள்: பிறப்புச் சான்றிதழில் பெயர் இருந்தால் போதுமா?

கேள்வி: திருமணம் செய்யாமல் ஒரு பெண்ணுடன் பாலக்காடு மாவட்டச் சித்தூரில் வாழ்ந்தேன். நாங்கள் இருவரும் இந்துக்கள். மூன்று வயது மகனின் பிறப்புச் சான்றிதழில் தந்தையாக என் பெயர் உள்ளது. இப்போது அவர் குழந்தையுடன் பொள்ளாச்சியில் குடியேறிவிட்டார். எனக்கு என்ன உரிமை?
– வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: சான்றிதழ் வலுவான சான்றுதான், ஆனால் அதுவே முடிவான ஆதாரமன்று. மகன் பிறந்தபோது அவன் தாய்க்கு வேறொருவருடன் செல்லத்தக்க திருமணம் நிலவியிருந்தால், கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் தம்பதியர் கூடிவாழ வாய்ப்பே இருக்கவில்லை என்று நிரூபிக்கப்படாதவரை, பாரதிய சாட்சிய சட்டத்தின் 116-ஆவது பிரிவு அந்தக் கணவரையே தந்தையாகக் கொள்ளும். மரபணுச் சோதனை கேட்டவுடன் கிடைத்துவிடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே வலியுறுத்தியது.

அத்தகைய திருமணம் இல்லையெனில், 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி தாயே முதல் இயற்கைக் காப்பாளர் (நீதிமன்றம் நியமிக்காமலே சட்டம் ஏற்கும் காப்பாளர்). அவருக்குப் பிறகே நீங்கள். ஆயினும் குழந்தையைப் பார்க்கும் உரிமையையும், அதன் நலன் கருதி உடன் வைத்து வளர்க்கும் பொறுப்பையும் நீங்கள் கோரலாம். மனுவைக் குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், பாலக்காட்டைவிடக் கோவை மாவட்டமே பொருந்தும். உரிமை கிடைக்கும்வரை காத்திராமல் பராமரிப்புச் செலவை இப்போதே வங்கி வழியாக அனுப்புங்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் தந்தை அதற்குக் கடமைப்பட்டவர்.