ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் அடுக்களை?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மூன்று தலைமுறையாகச் சபையில் இருக்கும் குடும்பம். கல்லூரியில் படிக்கும் என் இளைய மகன், இயேசு யூதர்களுக்காக மட்டுமே வந்தார், அதை எல்லாருக்கும் என்று மாற்றியது பிறகு வந்த அப்போஸ்தலர் பவுல்தான் என்று சில மாதங்களாக வாதாடுகிறான். மத்தேயு 10, 15 அதிகாரங்களை எடுத்துக் காட்டுகிறான். போன ஞாயிறு என் அக்கா குடும்பம் சாப்பிட வந்திருந்தபோது அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டான், எனக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. மூத்த மருமகள் வேறு சமூகத்துப் பெண், கல்யாணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றவள், நல்ல குணம். மற்ற நாட்களில் எங்களோடுதான் சாப்பிடுவாள், அக்கா வீட்டார் வருகிற ஞாயிறுகளில் மட்டும் பிறகு அடுக்களையில் சாப்பிட்டுக்கொள்வாள், அவளுக்கும் அதுதான் வசதி. இவன் பேச்சைக் கேட்டு அவளும் குழம்பிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. சுவிசேஷம் யூதர்களுக்கா, எல்லாருக்குமா? அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பதில்: ஐயா, உங்கள் மகன் காட்டுகிற வசனங்கள் இருக்கத்தான் செய்கின்றன, அவற்றை மழுப்பாதீர்கள். தம் சீஷர்கள் பன்னிரண்டு பேரை அனுப்பும்போது, புறஜாதியாரின் (யூதரல்லாதவர்களின்) நாடுகளுக்குப் போக வேண்டாம், சமாரியர் பட்டணங்களுக்குள்ளும் நுழைய வேண்டாம், இஸ்ரவேல் வீட்டாரில் காணாமற்போன ஆடுகளிடம் போங்கள் என்றுதான் இயேசு சொன்னார். தீரு, சீதோன் பக்கம் ஒரு கானானியப் பெண் மகளுக்காகக் கதறிக்கொண்டு வந்தபோதும் முதலில் அதையேதான் சொன்னார். அவர் யூதர், எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யப்பட்டவர், ஜெப ஆலயத்துக்குப் போனவர், அவருடைய சீஷர்களும் யூதர்கள். அவர் ஊழியம் செய்ததும் பெரும்பாலும் கலிலேயாவிலும் யூதேயாவிலும்தான். இதுவரை பையன் சொல்வது சரி.

பவுல் மாற்றினார் என்பதுதான் நிற்காது. அவன் தூக்கிக்கொண்டு திரிகிற அதே மத்தேயு, முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றிலேயே எரிகோ பட்டணத்து ராகாபையும் மோவாபியப் பெண் ரூத்தையும் சேர்த்திருக்கிறார். எட்டாம் அதிகாரத்தில், ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி ஒருவனுடைய விசுவாசத்தைக் கண்டு இயேசு வியந்து, கிழக்கிலும் மேற்கிலும் இருந்து அநேகர் வந்து ஆபிரகாமோடு பந்தியிருப்பார்கள் என்கிறார். கடைசி அதிகாரத்தில் சகல ஜாதிகளிடமும் போங்கள் என்கிறார். பூமியின் வம்சங்கள் எல்லாம் உன்னால் ஆசீர்வதிக்கப்படும் என்று ஆபிரகாமுக்குச் சொன்னது ஆதியாகமம் 12, அதற்கும் பவுலுக்கும் நடுவில் எத்தனையோ தலைமுறை. யூதருக்கு முதலில், அவர்கள் வழியாக எல்லாருக்கும் என்பதுதான் பைபிளின் வரிசை. பவுலும் ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் அதே வரிசையைத்தான் எழுதினார்.

அப்புறம், அந்தியோகியாவில் கிரேக்கரிடம் முதலில் பேசியது பவுல் இல்லை. எருசலேமில் ஸ்தேவான் என்ற விசுவாசி கொல்லப்பட்ட பிறகு சிதறி ஓடியவர்களில் சீப்புரு தீவையும் சிரேனே பட்டணத்தையும் சேர்ந்த சிலர், அவர்கள் பெயரைக்கூட அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லவில்லை, அவர்கள்தான் அங்கே அந்த வேலையைத் தொடங்கினார்கள். பர்னபா தர்சுவுக்குப் போய் பவுலைக் கூட்டிக்கொண்டு வந்தது அதற்கும் பிறகு.

அந்தப் பன்னிரண்டு சீஷர்களில் ஒருவரான பேதுருவின் கதைக்கு வருவோம், உங்கள் கடிதத்துக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. யோப்பாவில் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டு மாடியில் தரிசனம் கண்ட பேதுரு, செசரியாவுக்குப் போய் கொர்நேலியு என்ற ரோம அதிகாரியின் வீட்டுக்குள் நுழைந்தார், அந்த வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். எருசலேமுக்குத் திரும்பியதும் அவரை அங்கிருந்த யூத விசுவாசிகள் பிடித்துக்கொண்டார்கள். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? பிரசங்கம் பண்ணினதற்காகவோ ஞானஸ்நானம் கொடுத்ததற்காகவோ இல்லை. விருத்தசேதனமில்லாதவர்களிடத்தில் போய் அவர்களோடே சாப்பிட்டாயே என்றுதான் கேட்டார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரம் 3ஆம் வசனம், எடுத்துப் பாருங்கள்.

சில வருஷம் கழித்து அந்தியோகியா. பேதுரு அங்கே புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மனதில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் வந்ததும் பேதுரு மெல்ல விலகிக்கொண்டார், தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார், அவரைப் பார்த்து மற்ற யூதர்களும், பர்னபாகூட, அப்படியே செய்தார்கள். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியர் 2. பேதுரு கொள்கையில் தவறவில்லை, பயந்தார் என்றுதான் பவுல் எழுதுகிறார். தன் ஆட்கள் வந்ததும் பயந்தார்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே திரும்பப் படியுங்கள், ஐயா. மற்ற நாட்களில் எங்களோடுதான் சாப்பிடுவாள், அக்கா வீட்டார் வருகிற ஞாயிறுகளில் மட்டும் அடுக்களையில். நாலு பக்கம் மத்தேயுவைப் பற்றி எழுதிவிட்டு, நடுவில் ஒரே வரியில் இதைச் சொல்லிக் கடந்து போயிருக்கிறீர்கள்.

பேதுருவின் தயக்கத்துக்காவது பின்னால் மோசேயின் நியாயப்பிரமாணம் இருந்தது. ரோமர்களின் கீழே நசுங்கிக்கொண்டிருந்த ஒரு சிறிய ஜனம், தான் கரைந்து போகாமல் இருக்க அந்த உணவுச் சட்டங்களை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தது, சிலர் அதற்காகவே செத்திருக்கிறார்கள். உங்கள் அடுக்களை ஏற்பாட்டுக்குப் பின்னால் எந்த வேதம் இருக்கிறது? ஒன்றும் இல்லை, சாதி இருக்கிறது. நம் சபைகளுக்கு இது பழைய வியாதி. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசத்தை உடனே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரில் எத்தனையோ பேர் சபையை விட்டே போனார்கள், சாதியை விடவில்லை. நீங்கள் வெளியே போகவில்லை, உள்ளே உட்கார்ந்துகொண்டே ஞாயிறுதோறும் அதைச் செய்கிறீர்கள், அதுவும் ஆராதனை முடிந்து வந்த கையோடு.

அவளுக்கும் அதுதான் வசதி என்கிறீர்கள். அவளிடம் கேட்டீர்களா? புகுந்த வீட்டில் தன் வாயால் "எனக்கும் மேஜையில் இடம் வேண்டும்" என்று எந்தப் பெண் கேட்பாள்? இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு வருஷக்கணக்காக வருகின்றன, எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணுக்கு அதுதான் வசதி, ஒன்றிலாவது அந்தப் பெண்ணே அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு அவளுக்கு இடம் போடுவது பெரியவர்களின் கடமை, முதலில் மாமனாரின் கடமை. உங்கள் மூத்த மகனும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு எழுந்திருக்கிறான் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. மனைவி அடுக்களையில் காத்திருக்க இவனுக்குச் சோறு எப்படி இறங்குகிறது?

ரோமர் 11இல் பவுல், புறஜாதியாரைக் காட்டு ஒலிவ மரத்துக் கிளைகள் என்கிறார், நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டவைக்கப்பட்டவை, ஆகவே பெருமை பேசாதே, நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்கிறார். யூதர் வீட்டுப் பந்தியில் நீங்களும் நானும் உங்கள் அக்காவும் பிறகு வந்தவர்கள்தான். நமக்கு இடம் கொடுக்கலாமா என்று கி.பி. 49 வாக்கில் எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடிப் பேசி, பெரிய தர்க்கம் நடந்து, பேதுருவும் யாக்கோபும் எழுந்து நமக்காகப் பேசி இடம் வாங்கித் தந்தார்கள். அப்படி இடம் கிடைத்தவர் தன் வீட்டில் இன்னொருத்தியை அடுக்களையில் உட்காரவைக்கக் கூடாது. மருமகள் குழம்பிவிடுவாளோ என்று பயப்படுகிறீர்களே, சுவிசேஷம் எல்லாருக்கும் என்று நம்பித்தானே அவள் ஞானஸ்நானம் எடுத்தாள்? அவளைக் குழப்புவது உங்கள் இளைய மகன் இல்லை.

சனிக்கிழமையே அக்காவுக்கு போன் போட்டு, நாளைக்கு எல்லாரும் ஒன்றாகத்தான் உட்காருவோம் என்று நீங்களே சொல்லுங்கள், மனைவியைச் சொல்லவிடாதீர்கள். கோபித்துக்கொண்டு வராமல் இருந்தால் வராமல் போகட்டும் என்று விட்டுவிடவும் கூடாது, உடன்பிறந்தவர், அடுத்த வாரம் மருமகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள்.

பையனை அதட்டாதீர்கள். அப்போஸ்தலர் 10, 11, 15, அப்புறம் கலாத்தியர் 2, இவ்வளவையும் அவனோடு சேர்ந்து படியுங்கள், ஆனால் மருமகள் மேஜைக்கு வந்த பிறகு. அதற்கு முன்னால் படித்தால் அவன் பேதுருவை விட்டுவிட்டு உங்களைத்தான் கேட்பான், அப்போது சொல்ல உங்களிடம் பதில் இருக்காது.