பட்டனைத் தட்டுகிறவன் கலைஞனா?

கேள்வி: வேலை முடிந்து வந்ததும் என் மகன் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை ‘புரோகிரசிவ் ஹவுஸ்’, ‘டெக்னோ’ என்று ஏதோ டிஜே மிக்ஸ் கேட்கிறான். பக்கத்து அறையில் எனக்கு மணிக்கணக்கில் ஒரே டும் டும்தான். பாட்டு இல்லை, ராகம் இல்லை. அடுத்தவன் செய்த டிராக்குகளை வரிசையாகப் போட்டுப் பட்டனைத் தட்டுகிறவனுக்குக் கலைஞன் என்று பெயராம்! இதெல்லாம் இசையா? உண்மையைச் சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம் என்ற தந்தை, பல்லாவரம்

பதில்: உண்மையைக் கேட்டதால் சொல்கிறேன். இசைதான். பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் நீங்கள் அதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள். தாழ்ந்த ஒலி சுவரைத் துளைத்து வந்துவிடும். அதற்கு மேலே ஓடும் மெல்லிய ஒலிகளையெல்லாம் கதவும் சுவரும் விழுங்கிவிடும். உங்களுக்கு வந்து சேர்ந்தது கிக் டிரம் என்ற தாள முரசும், கொஞ்சம் பேஸ் என்ற தாழ்ந்த ஒலியும். அதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பே எழுதிவிட்டீர்கள்.

‘ஒரே டும் டும்’ என்று அலுத்துக்கொள்வதில் உங்களுக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. 1994-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குற்றவியல் சட்டம் ஒன்று, இரவில் திறந்தவெளியில் நூறு பேர் கூடி, சுற்றுப்புறத்தாருக்குக் கடும் தொல்லை தரும்படி இசை போட்டால் போலீஸ் கலைக்கலாம் என்றது. எது இசை என்பதற்கு அவர்கள் எழுதிய விளக்கத்தில், அடுத்தடுத்துத் திரும்ப வரும் தாளங்களைப் பிரதானமாகக் கொண்ட ஒலியும் அடக்கம் என்று சேர்த்தார்கள். ஆட்டெக்கர் என்ற இருவர் எலக்ட்ரானிக் இசைக்குழு சும்மா இருக்கவில்லை. அதே வருடம் ஓர் இசைத்தட்டு போட்டு, அதில் ஒரு டிராக்கில் எந்தத் தாளச் சுற்றும் இன்னொன்றைப் போல வராதபடி அமைத்தார்கள். போலீஸ் தொந்தரவு வந்தால் ‘இது திரும்ப வரும் தாளம் இல்லை’ என்று சாட்சி சொல்ல ஒரு வக்கீலையும் ஓர் இசை அறிஞரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி டிஜேக்களுக்கு உறையிலேயே அறிவுரை வேறு!

சரி, ‘அடுத்தவன் செய்த டிராக்’ விஷயத்துக்கு வருவோம். நம் சபாக்களில் தியாகராஜர் செய்ததைத்தானே பாடுகிறார்கள்? பாடகர் தன் குரலால் பாடுகிறார், டிஜே பதிவை அல்லவா ஓடவிடுகிறான் என்பீர்கள். நியாயமான வேறுபாடுதான். அப்படியென்றால் இவன் வேலை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு டிராக்குகள் சேரும் இடத்தில் இருக்கிறது.

வினைல் தட்டுக் காலத்தில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். ஒரு தட்டு கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த தட்டு டிஜேயின் ஹெட்ஃபோனில் மட்டும் ஓடும். நிமிடத்துக்கு 125 தாள அடி என்று வைத்துக்கொண்டால் இரண்டு அடிகளுக்கு நடுவே அரை நொடிகூட இல்லை. இந்தத் தட்டு 125, அந்தத் தட்டு 122. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற டர்ன்டேபிளின், அதாவது தட்டைச் சுழற்றும் கருவியின், ஓரத்தில் ஒரு நகர்த்தி உண்டு. வேகத்தை எட்டு சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒரு காதில் இதையும் மறு காதில் அதையும் கேட்டு இரண்டையும் ஒரே நடைக்குக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் இரண்டு கிக்கும் ஒன்றையொன்று இடறித் தடதடக்கும், ஆடுகிறவர்களின் கால் நின்றுவிடும்.

அதோடு முடியவில்லை. இந்த இசை பெரும்பாலும் 32 அடிக்கு ஒரு பத்தியாக நகர்கிறது. புதிய டிராக்கை அந்தப் பத்தியின் முதல் அடியில் நுழைக்க வேண்டும். அதுவும் பேஸ் குமிழை அடக்கிவைத்து, மேல் ஒலிகளை மட்டும் மெல்ல உள்ளே விட வேண்டும். இரண்டு பேஸும் சேர்ந்து ஒலித்தால் குழம்பிப்போகும். அப்புறம் சரியான பத்தி முடிவில் பழைய பேஸை இறக்கி, புதியதை ஏற்றுவார்கள். நன்றாகச் செய்தால், எந்த நொடியில் டிராக் மாறியது என்று உங்கள் மகனாலேயே சொல்ல முடியாது.

இப்போது இரண்டு டிராக்கின் வேகத்தையும் இயந்திரமே சேர்த்துவிடுகிறது. ‘சிங்க்’ என்று அதற்கு ஒரு பட்டனே உண்டு. அந்த வகையில் உங்கள் குற்றச்சாட்டில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்து எதைப் போடுவது, எப்போது போடுவது, எவ்வளவு நேரம் இரண்டையும் சேர்ந்து ஓடவிடுவது என்று அந்தப் பட்டன் சொல்லாது. கூட்டம் களைத்திருப்பதும் அதற்குத் தெரியாது.

எல்லா மிக்ஸும் ஒன்று என்றும் நினைக்காதீர்கள். டெக்னோ பிறந்த அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்காரர் டிஜே ஜெஃப் மில்ஸ். 1995-ல் டோக்கியோவின் லிக்விட் ரூம் கிளப்பில் அவர் வாசித்தது அடுத்த வருடம் சிடியாக வந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்துக்குள் 30-க்கும் மேற்பட்ட டிராக்குகள். ஒன்று காதில் பதிவதற்குள் அடுத்தது மேலே வந்து விழும். சில இடங்களில் தாளம் நழுவுவதும், அவர் எட்டிப் பிடித்து நேராக்குவதும் அப்படியே கேட்கும். அதைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் விட்டார்களே, அதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

சாஷாவும் ஜான் டிக்வீடும் நேர் எதிர். இந்த இரண்டு பிரிட்டிஷ் டிஜேக்களும் 1996-ல் வெளியிட்ட ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ அவசரமே படாது. தாளம் முழுதாக எழுந்து நிற்கவே நேரம் எடுத்துக்கொள்ளும். புரோகிரசிவ் ஹவுஸின் குணம் அது: ஒரு மெட்டின் நுனியை மட்டும் காட்டிவிட்டு, பல நிமிடம் கழித்து முழுசாகக் கொடுப்பது. நடுவில் ஒரு பகுதியைத் தனியாக வெட்டிக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. முப்பது நொடி ரீல்ஸுக்குப் பழகிய காலத்தில் உங்கள் பிள்ளை மணிக்கணக்கில் ஒரே விஷயத்தில் மனதை வைக்கிறான், அதைக் கவனித்தீர்களா?

இந்த வகையின் பெரிய குறையும் அந்தக் குணத்திலிருந்தே வருகிறது. ஏதோ வரப்போகிறது வரப்போகிறது என்று ஆசை காட்டி, கடைசி வரை எதுவுமே வராமல் முடிந்துபோகிற மிக்ஸ்கள்தான் அதிகம். இணையத்தில் கொட்டிக் கிடப்பதில் பெரும்பகுதி சவசவ ரகம். உங்கள் மகன் அதில் எதைக் கேட்கிறான் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் பேஸ் எடுபடாது. பாதியில் எழுந்து வராதீர்கள். டிராக் மாறுகிற இடத்தைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று அவனோடு பந்தயம் வையுங்கள்.

தூக்கம் கெடுகிறது என்பது வேறு புகார். அதில் நான் முழுக்க உங்கள் கட்சி. பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது, ஹெட்ஃபோன்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அதிலும் சத்தத்தைக் குறைத்து வைக்கட்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. தினமும் ராத்திரி இரண்டு மணி வரை என்றால் அவன் அந்த எல்லையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.